உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்…

பூத்துக்குள் போகிறீர்கள். "உங்க ஓட்டு ஏற்கெனவே பதிவாயிடுச்சே சார்" என்கிறார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள்! 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி (49P) இதற்காகவே இருக்கிறது. 'சர்கார்' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாள அட்டையைக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால், படிவம் 17-பி-யில் (17B) கையெழுத்து வாங்கிக்கொண்டு வாக்குச்சீட்டு தருவார். மெஷினில் போட முடியாது. சீட்டில் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்க வேண்டும். அதைத் தனி உறையில் வைப்பார். இதுதான் டெண்டர் ஓட்டு.

ஆனால், வழக்கமான எண்ணிக்கையில் இது சேராது. தேர்தல் வழக்கு வந்து, நீதிமன்றம் சொன்னால்தான் உறை திறக்கும். பிறகெதற்கு என்று கேட்கலாம். 2008 சட்டமன்றத் தேர்தலில் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில்! அதை எதிர்த்து நடந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகள் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டன.

'14 சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சுத்தப் பொய். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கும் இந்த வழி கிடையாது.

இன்னொன்று: பூத் ஏஜென்ட் "இவர் அவரில்லை" என்று உங்களை ஆட்சேபித்தால், முதலில் அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் முதலில் அவருடையதே.

வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நின்றால் கவலை வேண்டாம். கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள். எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போட்டுவிட்டே வரலாம்.