புகையை விட்டவரும் எடை இயந்திரமும்

நம் சங்கங்களில் எடை போடாத பொருள் இல்லை. நெசவாளருக்குப் பாவு நூலும் ஊடை நூலும் எடை போட்டே கொடுக்கப்படுகின்றன. நெய்து வந்த சேலையும் எடை போட்டே வாங்கப்படுகிறது. விவசாய அங்கத்தினர் கொண்டு வரும் மஞ்சளும் பருத்தியும் தராசு ஏறாமல் கிடங்குக்குள் போவதில்லை. இவ்வளவு எடை போடும் நாம் நம்முடைய உடலை எடை போட்டுப் பார்ப்பது மட்டும் அரிது. வேட்டி கட்டுகிறவருக்கு இடுப்பு பெருத்தாலும் தெரியாது, சிறுத்தாலும் தெரியாது; வேட்டி இரண்டுக்கும் இடம் கொடுக்கும். காற்சட்டை அணிகிறவருக்கே பொத்தான் உண்மையைச் சொல்லுகிறது.

அப்படிப் பொத்தானால் கலங்கிய நண்பர் ஒருவரைச் சென்ற மார்கழியில் ஒரு காலை, சென்னை அசோக் நகரில், அசோகத் தூணுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள மருந்துக் கடை வாசலில் சந்தித்தோம். கைத்தறித் துணி விற்பனையில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவர். 22 ஆண்டுகள் நாள்தோறும் பத்துக் குச்சிப் பெட்டி இரண்டைப் புகைத்துத் தீர்த்தவர். ஆறு மாதங்களுக்கு முன் அதனை அடியோடு விட்டவர். எடை இயந்திரத்திலிருந்து இறங்கி, அது கொடுத்த சீட்டை நம்மிடம் நீட்டினார். முன்பு 68 கிலோ. இப்போது 72 கிலோ 400 கிராம்.

“பார்த்தீர்களா ஸார், புகையை விட்டதற்குக் கிடைத்த பரிசு! ஆபீசில் புது மாப்பிள்ளை என்கிறார்கள். பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை என்று வீட்டில் தினமும் பேச்சு. நாளைக்கு இரண்டு மட்டும் பிடித்தால் என்ன? இந்தத் தொப்பையாவது இறங்கும்” என்றார்.

அவர் வேடிக்கையாகப் பேசவில்லை. எதிர்ப்புறம் இருந்த பெட்டிக் கடைக்கு அவர் கண் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நாமும் ஒரு காலத்தில் புகைத்தோம். விட்ட ஆண்டில் நமக்கும் சட்டை சேரவில்லை. ஆகையால் அந்தப் பார்வையின் பொருள் நமக்குத் தெரியும். புகையை விட்டவர் மீண்டும் அதனிடம் போவதற்கு எத்தனையோ சாக்குகள் உண்டு. அவற்றுள் மிகவும் நியாயமானதுபோல் தோன்றுவது இந்த எடைச் சாக்கு. அதனாலேயே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

எடை கூடுவது மெய்தான். அப்படி ஒன்றும் இல்லை என்று தேறுதல் கூறுவதில் பயனில்லை. புகையை விட்டவர்களின் எடையைப் பற்றி அதுவரை நடந்த 62 ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்து, 2012-ம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. மருந்தின் துணை ஏதுமின்றி விட்டவர்களுக்கு முதல் மாதத்தில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று மாதத்தில் 2 கிலோ 850 கிராம். ஆறு மாதத்தில் 4 கிலோ 230 கிராம். ஓராண்டு முடிவில் 4 கிலோ 670 கிராம். நண்பரின் கணக்கு ஏறத்தாழ இந்தச் சராசரியிலேயே நிற்பதைக் காணலாம். கூட்டலின் வேகம் முதல் மூன்று மாதங்களில்தான் மிகுதி. பிறகு படிப்படியாகத் தளர்ந்துவிடுகிறது. இது இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்று அஞ்சுகிறவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

சராசரி என்பது ஒரு தெருவில் உள்ளவர்களின் செருப்பு அளவையெல்லாம் கூட்டி வகுத்து, அந்த ஓர் அளவில் எல்லோருக்கும் செருப்புத் தைப்பது போன்றது. அதே கணக்கில் நூற்றுக்கு 16 பேருக்கு ஓராண்டில் எடை கூடவில்லை, குறைந்தே இருந்தது. மறுபுறம் நூற்றுக்கு 13 பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேலும் ஏறியது. நமக்கு எந்த இடம் கிடைக்கும் என்பதை முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. அது ஓரளவு நம் கையிலும் இருக்கிறது.

ஏன் கூடுகிறது? நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அசுவினிப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் தெளிப்பது உண்டல்லவா? அதில் பூச்சியைக் கொல்லுகிற சரக்கு எதுவோ, அந்த நிக்கோட்டின் என்ற நஞ்சே புகையின் வழியாக மனிதனுக்குள்ளும் போகிறது. அளவு சிறிதாதலால் ஆளை உடனே வீழ்த்துவதில்லை. ஆனால் இதயத்தை விரைந்து அடிக்கச் செய்கிறது. மூளையில் பசியை ஆளுகின்ற நரம்புகளைத் தொட்டு, வயிறு நிறைந்ததுபோல் பொய் சொல்ல வைக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் புகைப்பவர் சிலரை மூடிய அறையில் ஒரு நாள் முழுவதும் வைத்து அளந்தார்கள். 24 சிகரெட்டுப் புகைத்த நாளில், புகைக்காத நாளைவிட அவர்கள் உடல் ஏறத்தாழ 200 கலோரி அதிகமாக எரித்தது. 1986-ல் வெளியான ஆராய்ச்சி இது.

ஆக, புகைத்த காலத்தில் இருந்த எடை நண்பரின் சொந்த எடை அன்று. நஞ்சு தின்று குறைத்து வைத்திருந்த எடை. நஞ்சு நின்றதும் உடல் தனக்கு உரியதைத் திரும்பக் கேட்கிறது. இத்துடன் நாக்கும் மூக்கும் உயிர் பெறுகின்றன. பல ஆண்டுகளாகப் புகையில் மரத்துப் போயிருந்த நாவுக்குக் கத்தரிக்காய்க் குழம்பின் மணம் புதிதாகத் தோன்றும்போது, இன்னொரு பிடி சோறு இறங்கத்தானே செய்யும்!

இது பாதிக் கதை. மீதிப் பாதி கையிலே இருக்கிறது. நாளுக்கு இருபது முறை உதட்டுக்குப் போய்ப் பழகிய கை சும்மா இருக்காது. நண்பரை விசாரித்தோம். முன்பு தேநீரோடு ஒரு சிகரெட். இப்போது தேநீரோடு ஒரு வடை. முன்பு நாளுக்கு மூன்று தேநீர், இப்போது ஆறு. அசோக் நகரிலும் அடுத்துள்ள கலைஞர் கருணாநிதி நகரிலும் சிற்றுண்டிச் சாலைகளுக்குப் பஞ்சமா? வேண்டாம் என்றாலும் எண்ணெய் மணம் வழி மறிக்கும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் சுமார் 16 கலோரி உண்டு. தேநீருக்கு இரண்டு கரண்டி வீதம் ஆறு தேநீருக்கு 192. வடையைக் கணக்கில் சேர்க்காமலே, ஸ்விஸ் அறையில் அளந்த அந்த 200 கலோரிக்கு இது ஏறக்குறைய ஈடாகிவிட்டது. எரிப்பது குறைந்தது ஒரு புறம், வரவு ஏறியது மறு புறம். இருப்பு வளராமல் என்ன செய்யும்?

புகைத்தால் உடல் இளைக்கும் என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்றியவர்களுள் புகை விற்றவர்களும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1928-ம் ஆண்டில் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் என்ற சிகரெட்டின் கம்பெனியார், இனிப்புக்குப் பதிலாகத் தங்கள் சிகரெட்டை எடுங்கள் என்று பெண்களுக்கு விளம்பரம் செய்தனர். மிட்டாய் வியாபாரிகள் சண்டைக்கு வந்தார்கள். விற்பனை என்னவோ கொழித்தது. நம் ஆபீசுகளில் இன்று கேலி பேசுகிறவர் வாயிலிருந்து வருவது அந்தப் பழைய விளம்பரத்தின் எதிரொலிதான்.

நிற்க. இதுவரை கூறியது நகரத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் நண்பருக்கு. நம் அங்கத்தினர் பலருடைய நிலை வேறு. தறிக் குழியில் கால் வைத்து நாள் முழுவதும் மிதிக்கும் நெசவாளருள் பீடி பிடிப்பவரைப் பாருங்கள். தோள் எலும்பு தெரியும், கன்னம் ஒட்டியிருக்கும். காலை உணவுக்குப் பதிலாக ஒரு தேநீரும் இரண்டு பீடியும் என்றே காலம் தள்ளியவர். இவர் பீடியை விட்டு நான்கு கிலோ ஏறினால் அது தொப்பை அன்று. பல ஆண்டுகளாக உடலுக்குக் கொடுக்காமல் வைத்த பாக்கி.

இந்த மெலிவு சிறிய விஷயமன்று. சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் வரலாற்றை வீடு வீடாக விசாரித்துச் சென்னை ஆராய்ச்சியாளர் டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். காசநோயால் இறக்கும் அபாயம் புகைக்காதவரைவிடப் புகைத்தவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. புகை நெஞ்சைக் கெடுக்கிறது. மெலிந்த உடலோ காசநோய்க்குத் திறந்த கதவு. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்கு கொண்டு ஜார்க்கண்டில் நடத்திய ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் முதலிய உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. எடை கூடுவது எல்லோருக்கும் தீங்கு என்று எண்ணுகிறவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே முதலில் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறிய வேண்டும். ஐந்தடி ஐந்து அங்குலம், அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் மெலிந்தவர்; 63 கிலோவைத் தாண்டினால், இந்தியருக்கு வகுத்த அளவின்படி எடை மிகுந்தவர். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது. தையற்காரரின் நாடா போதும். இன்னொன்றும் சொல்வோம்: புகைப்பவர் எடையில் குறைந்திருந்தாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேருவது அவரிடம் அதிகம். சிகரெட்டால் தொப்பை இறங்கும் என்று நண்பர் நம்பியது அந்த வகையிலும் தவறு.

நீரிழிவைப் பற்றி மறைக்காமல் கூற வேண்டும். 2018-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆராய்ச்சி, புகையை விட்டபின் எடை மிகுதியாக ஏறியவர்களுக்குச் சில ஆண்டுகள் நீரிழிவு அபாயம் கூடுவதைக் கண்டது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அது உச்சிக்குப் போய்ப் பின் இறங்கியது. எடை ஏறாதவர்களுக்கு அந்த அபாயம் கூடவே இல்லை. ஆனால் அதே ஆராய்ச்சியில், எடை ஏறியவர்களும் ஏறாதவர்களும் ஆகிய இரு சாராருமே, புகையைத் தொடர்ந்தவர்களைவிட இதய நோயால் குறைவாகவே இறந்தார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியவர்களும் இதற்கு விலக்கல்ல. இருப்பினும் நம் நாட்டில் நீரிழிவு எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. புகையை விட்டவர் ஆறு மாதத்திற்கு ஒரு முறை இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நலம்.

நண்பரோடு பூங்காப் பக்கம் நடந்துகொண்டே இவற்றையெல்லாம் பேசினோம். அவருக்கு நாம் சொன்னது அதிகமில்லை. தேநீரைப் பழையபடி மூன்றாக்கி, சர்க்கரையைப் பாதியாக்கும்படி கூறினோம். கை பரபரக்கும் வேளைக்குச் சட்டைப் பையில் நான்கு ஏலக்காயோ கிராம்போ. மாலைப் பசிக்கு வடைக்குப் பதில் அவித்த சுண்டல், வெள்ளரிப் பிஞ்சு, மோர். புகையை விட்ட முதல் வாரங்களில் பட்டினி கிடந்து இளைக்க முயல்வது கூடாது என்பது நம் கருத்து. இரண்டு யுத்தத்தை ஒரே நேரத்தில் தொடுத்தால் இரண்டிலும் தோற்பவரே மிகுதி. நடை நல்லது, ஒரே நடையில் எடையும் கட்டுப்படும், புகை ஏக்கமும் தணியும். பூங்காவைச் சுற்றி நான்கு சுற்று வந்துவிட்டு வாசலில் பஜ்ஜி உண்பவர்களை அசோக் நகரில் நாள்தோறும் காண்கிறோம். அது நடையில் சேர்த்தி இல்லை. புகையிலை கலந்த பாக்குப் பொட்டலத்தை மாற்றாகக் கொள்பவர் புகையை விட்டவர் ஆகார்; நஞ்சு வாய்க்கு இடம் மாறியது, அவ்வளவே.

தனியே முடியாதவர்களுக்கு உதவி இருக்கிறது. 2002-ல் நாட்டின் சில நகரங்களில் தொடங்கிய புகையிலை விடுவிப்பு நிலையங்களுள் ஒன்று, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அமைந்தது. நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசையை டாக்டர் சொல்படி சில வாரங்கள் பயன்படுத்தினால் ஏக்கம் தணிவதுடன், எடை ஏறுவதும் சற்றுத் தள்ளிப்போகும். வெளியூர் அங்கத்தினர் 1800-112-356 என்ற மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம்.

சித்திரையில் நண்பரை மறுபடி அதே மருந்துக் கடை வாசலில் கண்டோம். சீட்டில் 71 கிலோ 900 கிராம். அரைக் கிலோதான் இறங்கியிருந்தது. பெட்டிக் கடைப் பக்கம் இரண்டு முறை போனதாகவும், ஒரு முறை வாங்கிப் பாதியில் எறிந்ததாகவும், ஒரு முறை கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பியதாகவும் ஒளிக்காமல் கூறினார். கையில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. கைத்தறிச் சட்டைத் துணியாம். வழக்கமான அளவுக்குக் கால் மீட்டர் கூடுதலாக வெட்டி வாங்கியிருந்தார். தையற்காரர் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு, அவசரமாக நடந்து போனார்.