புகைப்பழக்கம்: சட்டத் தீர்ப்பும் துணை நிற்றலும்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக அது முஸ்லிம் நாடுகளின் துறைமுகங்களை வந்தடைந்தது. முந்திய இமாம்களின் நூல்களில் அதன் பெயரே இல்லை. ஆகவே அன்றைய ஃபிக்ஹு அறிஞர்கள் கண்ணெதிரே கண்ட புதுப் பொருளுக்குத் தாமே ஆய்ந்து தீர்ப்புக் கூற வேண்டியவர்களாயினர். கருத்து வேறுபாடு எழுந்ததில் வியப்பில்லை. எகிப்தில் ஒரே மாலிகீ மத்ஹபைச் சேர்ந்த இரு பேரறிஞர்களுள் இப்ராஹீம் அல்-லகானீ (ரஹ்) புகைப்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தி ஒரு நூல் எழுதினார். அலீ அல்-உஜ்ஹூரீ (ரஹ்) அறிவை மயக்காத அளவு ஆகுமானதே என்று நிறுவ மற்றொரு நூல் எழுதினார். திமிஷ்கின் ஹனஃபீ அறிஞர் அப்துல் கனீ அந்-நாபுலுஸீ (ரஹ்) ஆகும் என்பார் பக்கமே நின்றார். நம் நாட்டில் லக்னோவின் அப்துல் ஹை (ரஹ்) இது குறித்துத் தனி நூலே இயற்றியுள்ளார்.

ஆட்சியாளர்கள் வேறு வழியை நாடினர். உதுமானியச் சுல்தான் நான்காம் முராது 1633இல் புகைப்பதைத் தடை செய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் விதித்தார். அக்காலத்தை நேரில் கண்ட துருக்கிய அறிஞர் காதிப் செலபி, தண்டனை கடுமையாகக் கடுமையாக மக்களின் நாட்டமும் மிகுந்தது என்பதைத் தமது ‘மீஸானுல் ஹக்’ என்னும் நூலில் (1656) குறித்து வைத்துள்ளார்.

இந்த வரலாற்றில் நான் ஆண்டுதோறும் வகுப்பில் தவறாது எடுத்துரைக்கும் செய்தி ஒன்று உண்டு. எகிப்தின் ஷாஃபிஈ அறிஞர் நூருத்தீன் அஸ்-ஸியாதீ (ரஹ், மறைவு ஹி. 1024) புகைத்தால் நோன்பு முறியாது என்றே முதலில் ஃபத்வா வழங்கிவந்தார். உட்செல்லும் ‘ஐன்’, அதாவது பருப்பொருள், புகையில் இல்லை என்பது அவரது எண்ணம். பின்னர், புகைக்கப் பயன்பட்ட குழாயினுள் படிந்திருந்த கசடைத் தம் கண்ணால் கண்டார். முறியும் என்று தீர்ப்பை மாற்றிக்கொண்டார். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால விரிவுரைகளில் இது பதிவாகியுள்ளது. பொருளின் தன்மை தெளிந்தபோது தீர்ப்பும் மாறிற்று. புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றுக்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பு இருபதாம் நூற்றாண்டில் நிறுவப்பட்டபின் பல நாட்டு உலமாக்கள் ஹராம் என்ற முடிவை நோக்கி நகர்ந்ததும் இவ்வாறே. மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 1995இல் அப்படித் தீர்ப்பளித்தது. இந்தோனேசிய உலமா மன்றம் 2009இல் கூடியபோது சிறுவர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் பொது இடங்களிலும் ஹராம் என்பதில் உடன்பட்டது; ஏனையோர் விஷயத்தில் ஹராமா, மக்ரூஹா என்று அவை பிரிந்தே நின்றது.

தீர்ப்பைத் தெரிந்துகொள்வதோடு புகைப்பவரின் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. இதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு ஷவ்வால் மாதம் நான்காம் நாள், எங்கள் ஊர்த் தையற்கடைக்காரர் ஒருவர் லுஹருக்குப் பின் என்னிடம் வந்தார். “ஹழ்ரத், முப்பது நாளும் பகலில் தொடவில்லை. இரவில் இரண்டு, மூன்று தான். பெருநாளோடு விட்டுவிடுவதாக நிய்யத் வைத்தேன். நேற்று மீண்டும் வாங்கிவிட்டேன்” என்றார். நான் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே கூறிய கருத்து வேறுபாடுகளையும் அவற்றுள் எது வலுவானது என்பதையும் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் தலை குனிந்து கேட்டிருந்தார். அடுத்த ஜும்ஆவிலிருந்து எங்கள் பள்ளிவாசலுக்கு அவர் வரவில்லை.

அவர் கேட்டது தாம் ஏன் தோற்றோம் என்பதையே. அதற்கு விடை உடலியலில் உள்ளது. புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டுகிறது. இரத்தத்தில் உள்ள அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கொரு முறை பாதியாகக் குறையும். நம் பகுதியில் நோன்பு பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் நீள்வதால், மஃரிப் வேளையில் உடலில் எஞ்சியிருப்பது மிகச் சொற்பமே. நிக்கோட்டின் கிட்டாமையால் வரும் எரிச்சல், தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியவை சில மணி நேரத்தில் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, மூன்று, நான்கு வாரங்களில் தணியும். நோன்பாளியோ அந்த உச்சத்தைத் தாண்டுவதே இல்லை. பகலெல்லாம் அடக்கி வைத்த வேட்கைக்கு இரவில் நீர் வார்க்கிறார். மறுநாள் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. போதாக்குறைக்கு, நீண்ட இடைவெளிக்குப் பின் இழுக்கும் முதல் புகையே மிக இன்பமாகத் தோன்றும். கஞ்சி குடித்து முடித்ததும் பள்ளிவாசல் வாயிலைக் கடந்து சிலர் விரைவதன் காரணம் இதுவே. ரமளான் அவருக்குப் பொறுமையைக் கற்பித்தது உண்மை. அடிமைத்தனத்தின் வேரைத் தொட ரமளான் இரவுகளும் வேண்டியிருந்தன.

தனியே முயல்வோர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே பழக்கத்திற்குத் திரும்பிவிடுகின்றனர். துணையின்றிச் செய்யப்படும் முயற்சிகளில் நூற்றுக்கு நான்கு மட்டுமே வெற்றி பெறுவதாகவும், தக்க ஆலோசனையும் மருந்தும் அந்த வாய்ப்பை இரு மடங்குக்கு மேல் உயர்த்தும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விட விரும்புவோர் குறைவும் அல்லர். 2016-17ஆம் ஆண்டு இந்தியாவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், புகைப்போரில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிடும் எண்ணம் உடையோராக இருந்தனர்.

தொண்ணூற்றொன்பது உயிர்களைக் கொன்ற மனிதரைப் பற்றிய ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முதலில் அவர் சென்றது வணக்கசாலி ஒருவரிடம். தவ்பாவுக்கு வழியில்லை என்று அவர் சொல்ல, அவரையும் கொன்று எண்ணிக்கையை நூறாக்கினார். அடுத்து ஓர் ஆலிமிடம் சென்றார். வழி உண்டு என்றுரைத்த ஆலிம் அத்தோடு நிறுத்தவில்லை. இந்த ஊரை விட்டு, நல்லோர் கூடி வணங்கும் இன்ன ஊருக்குச் செல் என்றும் வழிகாட்டினார். இந்த ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியிருந்தும், ஆலிமின் விடையில் பாதி முழுவதும் இடமும் கூட்டாளிகளும் பற்றியது என்பது தையற்கடைக்காரர் வராமற்போன பின்புதான் எனக்கு உறைத்தது. அவருடைய கடைக்கு இருபுறமும் தேநீர்க் கடைகள். காலைத் தேநீரோடு ஒன்று, சோற்றுக்குப் பின் ஒன்று, இரவு கடை அடைத்ததும் நண்பர்களோடு ஒன்று என நாளின் ஒவ்வொரு திருப்பத்திலும் புகை கட்டப்பட்டிருந்தது. ஊரை விட்டுச் செல் என்று எல்லோரிடமும் சொல்ல இயலாது. அந்த வேளைகளில் வேறொருவர் அவரோடு அமர்ந்திருப்பது இயலும். வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் அலை. அது தணியும்வரை பேச்சுத் துணை, ஒரு குவளை நீர், கையில் ஒரு மிஸ்வாக் இருந்தால் போதும் என்று சொன்னவர்களை நான் அறிவேன். வழுக்கி ஒன்றைப் புகைத்துவிட்டவர் மறுநாள் வெட்கமின்றி வந்து அதைச் சொல்லும் இடமும் வேண்டும். மதுவிலக்குச் சட்டமே அல்-பகரா 219, அந்-நிஸா 43, அல்-மாயிதா 90 என்று படிப்படியாக இறங்கியதை நாம் அறிவோம்.

மருத்துவ உதவியைக் குறைவாக எண்ணக்கூடாது. நிக்கோட்டின் மெல்லுபசை, தோலில் ஒட்டும் ஒட்டு, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் ஆகியன உள்ளன. மெல்லுபசையை நோன்பு வேளையில் பயன்படுத்த இயலாது, இரவில் கொள்ளலாம். தோல்வழி ஊறும் களிம்பும் மருந்து ஒட்டும் நோன்பை முறிப்பவற்றுள் சேரா என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. மத்திய அரசு 2016இல் தொடங்கிய கட்டணமற்ற தொலைபேசி ஆலோசனைக்கு எண் 1800112356, தமிழிலும் பேசலாம். புகையிலைப் பொருள்களின் உறைகளிலேயே 2018 முதல் இந்த எண் அச்சிடப்பட்டு வருகிறது. புகைப்பவர் நாள்தோறும் கையில் வைத்திருந்தும் பெரும்பாலும் படிக்காத எண் அது.

பீடி சிகரெட்டை விடத் தீங்கு குறைந்தது என்பார் நம்மிடையே பலர். அது தவறு, பீடிப் புகையில் நிக்கோட்டினும் கரிம ஓராக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவாக இல்லை. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் பெண்களின் கூலியிலேயே எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிகிறது என்பதையும் மறந்துவிட்டு மிம்பரில் பேச என்னால் இயலவில்லை. அது தனியே எழுதப்பட வேண்டியது.

சில ஆண்டுகளாக, ரமளான் இரவுகளில் தராவீஹுக்குப் பின்னும், பெருநாள் கழித்து நான்கு வாரங்கள் இஷாவுக்குப் பின்னும், பள்ளிவாசல் முன்மண்டபத்தில் ஆறேழு பேர் கூடுகிறோம். உரை எதுவும் இல்லை. அன்று எந்த வேளை கடினமாக இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்வர். ஒருவர் இருமுறை வழுக்கி மூன்றாம் முறை நிலைத்துள்ளார். இருவர் பாதியில் நின்றுவிட்டனர்.

தையற்கடைக்காரரைச் சென்ற ஆண்டு ஒரு ஜனாஸாவில் கண்டேன். ஸலாம் கூறினார். சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தது. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இஷாவுக்குப் பின் முன்மண்டபத்தில் சிலர் இருப்போம் என்று மட்டும் சொன்னேன்.