எதிர் எண்களின் வர்க்கமூலங்கள்: சுருக்கலும் கூட்டலும்

√−4, √−9 ஆகிய இரண்டையும் பெருக்குமாறு உயர்நிலை வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தால், மாணவர் பலர் 6 என்று விடை எழுதுவர். மூலக்குறியின் கீழுள்ள எண்களைப் பெருக்கினால் 36. அதன் வர்க்கமூலம் 6 என்பது அவர்களுடைய வாதம். √4, √9 ஆகியவற்றுக்குப் பிழையின்றிப் பயன்பட்ட விதியையே அவர்கள் இங்கும் கையாண்டுள்ளனர். ஆயினும் சரியான விடை −6 ஆகும். இப்பிழை கவனக்குறைவால் நேர்வதன்று. அவ்விதி எந்த எல்லை வரை செல்லும் என்பது மாணவர்க்கு எடுத்துரைக்கப்படாமையே இதற்குக் காரணம்.

நேர் எண்ணாயினும் எதிர் எண்ணாயினும், தன்னைத் தானே பெருக்கினால் எதிர் எண் கிடைப்பதில்லை. ஆதலின் எதிர் எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் தமது 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில் உரைத்தார். நிலத்தையும் தானியத்தையும் அளக்கும் எண்களைப் பொறுத்தவரை அக்கூற்று இன்றும் மெய்யே. இத்தாலியில் கார்டானோ 1545ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், 10 என்னும் எண்ணைப் பெருக்குத்தொகை 40 ஆகுமாறு இரு கூறாக்க முயன்று, 5+√−15, 5−√−15 என்ற விடைகளைப் பெற்றார். நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று அதனை ஒதுக்கியும் விட்டார்.

பயன் உண்டு என்று காட்டியவர் பொம்பெல்லி. ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் 15 மடங்குடன் 4 சேர்ந்ததற்குச் சமம், அவ்வெண் யாது? 4 என்பது எளிதில் புலப்படும்; 64 = 60+4. ஆனால் கார்டானோ நூலிலுள்ள சூத்திரத்தைக் கையாண்டால், 2+√−121, 2−√−121 ஆகியவற்றின் கனமூலங்களைக் கூட்டுமாறு அது பணிக்கிறது. பொம்பெல்லி 1572இல் வெளியிட்ட நூலில், √−121 என்பதை √−1இன் 11 மடங்காகக் கொண்டு, அக்கனமூலங்கள் 2+√−1, 2−√−1 என்று கண்டார். கூட்டினால் √−1 மறைந்து 4 எஞ்சுகிறது. √−1ஐ மற்ற மூலங்களோடு கலவாமல், அதற்கெனத் தனிப்பெயரும் தனிப் பெருக்கல் விதிகளும் வகுத்ததே அவருடைய வெற்றிக்கு அடிப்படை. இதற்கு ஆய்லர் 1777இல் ஓர் எழுத்தைக் குறியாக வழங்கினார்; அதனை இங்கு 'இ' என்று எழுதுவோமாக. இ×இ = −1.

வகுப்பில் வற்புறுத்த வேண்டிய முறையும் இதுவே: வேறு எச்செயலுக்கும் முன்னர் 'இ'யை வெளியே எடுத்துவிட வேண்டும். √−4 = 2இ; √−9 = 3இ; பெருக்கினால் 6×(−1), அதாவது −6. (−3இ என்பதன் வர்க்கமும் −9தான், எனினும் √−9 என்று எழுதினால் 3இ எனக் கொள்வதே வழக்கம்.) ஆய்லர் 1770இல் வெளியிட்ட இயற்கணித நூலிலேயே √−2, √−3 ஆகியவற்றின் பெருக்குத்தொகை √6 என்று அச்சாகியுள்ளது. தவறிய மாணவர்க்கு இது ஓரளவு ஆறுதல் தரக்கூடும்!

கூட்டலில் பிழை வேறு வகையானது. √−4+√−9 என்பதற்கு √−13 என எழுதுவோர் உண்டு. சரியான விடை 2இ+3இ = 5இ. இதன் வர்க்கம் −25. √−13இன் வர்க்கமோ −13. இங்ஙனம் வர்க்கித்துப் பார்க்கச் செய்தால் மாணவர் தாமே தவற்றைக் காண்பர். √−12+√−27 போன்றவற்றில் இரு படிகள் உள்ளன. முதலில் இ√12+இ√27; பின்னர் 12 = 4×3, 27 = 9×3 எனப் பிரித்தால் 2இ√3+3இ√3 = 5இ√3. மூலக்குறியின் கீழ் எஞ்சும் எண் ஒன்றாயிருந்தால் மட்டுமே உறுப்புகள் சேரும்; √−2+√−3 என்பது இ(√2+√3) என்பதற்கு மேல் சுருங்காது. √9+√−16 = 3+4இ என்பதையும் 7 என்றோ 7இ என்றோ ஆக்கலாகாது.

இந்தக் கடைசிக் கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. ஓர் அளவை 'இ'யால் பெருக்குவதைக் கால் சுற்றுத் திருப்பமாகக் கொள்ளலாம். இருமுறை திருப்பினால் திசை நேரெதிராகும்; இ×இ = −1 என்பதன் பொருள் அதுவே. மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் மின்னோட்டத்திற்குக் கால் சுற்று முந்தியிருக்கும். மின்தேக்கியில் கால் சுற்றுப் பிந்தியிருக்கும். இக்கணக்குகளுக்குக் கலப்பெண்களைக் கையாளும் முறையை ஸ்டைன்மெட்ஸ் 1893இல் சிக்காகோ நகரில் கூடிய மின்னியல் மாநாட்டில் விளக்கினார்.

230 வோல்ட் இணைப்பில் 30 ஓம் மின்தடையும், 40 ஓம் எதிர்ப்புள்ள கம்பிச்சுருளும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன என்க. சுருளின் சொந்தத் தடையைப் புறக்கணிக்கலாம். மொத்தம் 70 ஓம் அன்று, 30+40இ. அதன் அளவு, 900, 1600 ஆகியவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம், அதாவது 50 ஓம். ஆகவே மின்னோட்டம் 4.6 ஆம்பியர். 70 ஓம் எனக் கொண்டவர் 3.3 ஆம்பியருக்கே கம்பி தேர்ந்தெடுப்பார். இனி அதே தொடரில் 40 ஓம் எதிர்ப்புள்ள மின்தேக்கி ஒன்றையும் சேர்த்தால், 30+40இ−40இ = 30. 'இ' உறுப்புகள் ஒன்றையொன்று நீக்க, மின்னோட்டம் ஏறத்தாழ 7.7 ஆம்பியராக உயர்கிறது. அப்போது மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தம் சுமார் 307 வோல்ட். இணைப்பின் 230 வோல்ட்டை மட்டும் தாங்குமாறு அமைந்த மின்தேக்கி அங்கே பழுதுறக்கூடும்.