துப்பாக்கியில் டெலஸ்கோப் கிடையாது... கடலூரில் பிறந்த இளவேனில் குறி வைப்பது எப்படி?

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச்சுற்று. இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7 புள்ளி. கிடைத்தது 10-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச்சுற்று. 5-வதாக வந்து உள்ளே போன ரமிதா ஜிண்டாலின் புள்ளி 631.5. இருவருக்கும் இடையே வித்தியாசம் வெறும் 0.8.

விருத்தாசலம், நல்லூர் எல்லாம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில். 2019-ல் ரியோ உலகக்கோப்பையில் தங்கம் வென்றவர்.

0.8 புள்ளி என்றால் எவ்வளவு தூரம்?

10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். குண்டு நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகும்போதும் 0.1 புள்ளி குறையும். 60 குண்டுகளில் ஒரே ஒரு குண்டு கூடுதலாக 2 மி.மீ. விலகினாலே 0.8 போய்விடும்.

டெலஸ்கோப் மாட்டினால் என்ன?

இந்தப் போட்டியில் அனுமதி இல்லை. மற்ற ரைபிள்களில் ஸ்கோப்பை மாட்டுவதும் சும்மா திருகி வைக்கும் வேலை இல்லை. இரண்டு வளையங்களில் குழாயை உட்கார வைத்து, கண்ணுக்குச் சரியான தூரம் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் சிலுவைக் கோடு நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் குழாய் வளையும். 10 செ.மீ. இடைவெளியில் இருக்கும் வளையங்களில் ஒன்று 0.1 மி.மீ. ஏறி இருந்தாலும், 100 மீட்டரில் குறி 10 செ.மீ. தள்ளிப்போகும். இதைச் சரிக்கட்டத்தான் அட்ஜஸ்ட் செய்யும் வளையங்கள் வந்திருக்கின்றன.

அப்போ இளவேனில் எதைப் பார்க்கிறார்?

துப்பாக்கியின் பின்பக்கம் ஊசித்துளை போல ஒரு சின்ன ஓட்டை. முன்பக்கம் ஒரு வளையம். ஓட்டை வழியாகப் பார்த்தால் அந்த வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் தெரியும். ஓட்டை, வளையம், கறுப்பு மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று நடுவில் நிற்கும்போதுதான் விசையை அழுத்துவார்கள். துளை சின்னதாக இருப்பதால், கிட்டே இருக்கும் வளையமும் எட்ட இருக்கும் இலக்கும் ஓரளவு தெளிவாகவே தெரியும்.

இங்கேயும் அதே கணக்குதான். இரண்டுக்கும் இடையே 80 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். வளையம் 0.1 மி.மீ. நகர்ந்தால் இலக்கில் 1.25 மி.மீ. விலகும். அதாவது அரைப் புள்ளி காலி. துப்பாக்கி பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்தாலும் குறி மாறும்.

போட்டியில் எப்போது சரிசெய்வார்கள்?

தொடங்கும் முன் தயாராகவும் சுட்டுப் பார்க்கவும் 15 நிமிடம் கிடைக்கும். அந்தக் குண்டுகளுக்குப் புள்ளி இல்லை. குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, பின் சைட்டில் உள்ள திருகை 'கிளிக்' 'கிளிக்' என்று நகர்த்துவார்கள். அதற்குப் பிறகு 75 நிமிடத்தில் 60 குண்டு.

ஸ்கோப்போ, ஊசித்துளையோ, கருவி காட்டுவது நேர்கோட்டை மட்டும்தான். அந்தக் கோட்டை 60 முறையும் அசையாமல் பிடிப்பது வீராங்கனையின் உடம்பும் மூச்சும்.