பின்சக்கரங்களுக்கு இடையே ஒரு பங்கீடு

1992-இல் வெளிவந்த 'மை கசின் வின்னி' என்ற ஹாலிவுட் திரைப்படத்தில் ஒரு கொலை வழக்கின் போக்கையே மாற்றிவிடுவது, சாலையில் பதிந்த இரண்டு டயர் தடங்கள். சாட்சி சொல்ல வரும் பெண், இரு தடங்களும் ஒன்றுபோல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அவற்றைப் பதித்த காரில் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்திருக்க முடியாது என்று நிறுவுகிறாள். அந்த வேடத்தில் நடித்த மரிசா டோமேக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. படம் நகைச்சுவைப் படம்தான். ஆனால், தடங்களைப் பற்றிய அந்த வாதம் நகைச்சுவை அல்ல.

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பின்சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி இருந்தால், ஒரு முழு வட்டத்துக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 9.4 மீட்டர். வட்டம் சிறிதோ பெரிதோ, கணக்கு மாறாது. ஆகவே, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். அந்தச் சுதந்திரத்தைத் தருவதுதான் டிஃபரன்ஷியல்.

அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்கு விசையை இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமாகவே பங்கிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு சக்கரம் ஈரத்தில் நின்று 50 அலகு விசையை மட்டுமே தாங்குமானால், உலர்ந்த தரையில் நின்று 300 அலகைத் தாங்கக்கூடிய மற்றச் சக்கரத்துக்கும் 50 அலகுதான் கிடைக்கும். மண்ணில் எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதி, ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பெயரால் அறியப்படுகிறது. இங்கே செயல்படுவதும் அதே தர்க்கம்தான்.

1960-களின் அமெரிக்க 'மஸில் கார்'களில் இந்தக் குறை அப்பட்டமாக வெளிப்பட்டது. 1969-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் '428 கோப்ரா ஜெட்' எஞ்சினுக்கு நிறுவனம் அறிவித்த திறன் 335 குதிரைத்திறன். எடையோ பெரும்பாலும் முன்பக்கம். அக்காலத்து டயர்களும் குறுகலானவை. தரைப்பிடிப்பைவிட ஆற்றல் மிகுந்துவிட்டது. நிறுவனங்கள் தத்தம் பெயரில் தீர்வு விற்றன: ஷெவ்ரலே 'பாஸிட்ராக்ஷன்' என்றது, கிறைஸ்லர் 'ஷ்யூர் கிரிப்' என்றது, ஃபோர்டு 'டிராக்ஷன் லாக்' என்றது.

மிச்சிகனில் வாழும் என் தங்கை மகனிடம் அத்தகைய மஸ்டாங் ஒன்று உள்ளது. சென்ற ஆண்டு அதன் பின் அச்சைப் பழுதுபார்க்கத் திறந்தபோது, எந்த டிஃபரன்ஷியலைப் பொருத்துவது என்ற கேள்வி எழுந்தது. நண்பர்கள் எல்லோரும் 'லாக்கர்' என்றார்கள். விலைப்பட்டியல்களை எனக்கு அனுப்பி, எது லாபம் என்று கேட்டான். அந்தக் கார் ஆண்டுக்கு எத்தனை மைல், எந்தச் சாலையில் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள், ஆகஸ்ட் மாதத்தில் உட்வர்ட் நெடுஞ்சாலையில் நடக்கும் பழைய கார்களின் அணிவகுப்பு. பந்தயத் திடலுக்குப் போனால் ஆண்டில் ஒரு நாள். அவனுடைய 17 வயது மகளும் ஓட்டப் பழகி வருகிறாள்.

பொருள் வாங்குவோர் பலரும் சாதாரண நாளுக்காக வாங்குவதில்லை. தாங்கள் கற்பனை செய்யும் சிறப்பு நாளுக்காக வாங்குகிறார்கள். லாக்கர் என்பது அந்தச் சிறப்பு நாளின் கருவி. புகழ்பெற்ற 'டெட்ராய்ட் லாக்கர்' ஆற்றல் பாயும்போது இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவில் வேகமாகச் சுழலும் வெளிப்புறச் சக்கரத்தை விடுவித்து, உட்புறச் சக்கரத்தை மட்டும் இயக்கும். 'டக் டக்' என்ற ஓசை கேட்கும்; வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலோ விட்டாலோ வண்டி சற்றே இழுக்கும். நேர்கோட்டுப் பந்தயத்தில் இவை பொருட்டல்ல. ஃபோர்டு நிறுவனமே 1969-இல் 4.30 விகிதப் பற்சக்கரத்துடன் இதைப் பந்தயப் பிரியர்களுக்கு வழங்கியது.

மழைச் சாலையில் நிலைமை வேறு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றாலும், சுழலாத மற்றது வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பூட்டப்பட்ட அச்சில் இரண்டும் சேர்ந்து வழுக்கும்; பின்பகுதியைப் பிடித்துநிறுத்த எதுவும் மிஞ்சாது. காற்றுப்பையோ, ஏபிஎஸ் பிரேக்கோ, வழுக்கலைத் திருத்தும் மின்னணுக் கருவியோ இல்லாத கார் அது. புதிதாக ஓட்டப் பழகும் பெண்ணின் கையில் அதைக் கொடுப்பதென்றால், இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

இரண்டுக்கும் இடைப்பட்டது 'லிமிடெட் ஸ்லிப்'. அதில் கிளட்ச் தகடுகள் கொண்ட வகை பழைமையானது. சுருள்வில்லின் அழுத்தம் இருப்பதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றதற்கு ஓரளவு விசை செல்லும். தகடுகள் தேயும், மாற்றிக்கொள்ளலாம். உராய்வைச் சீர்செய்யும் சேர்மானத்தை எண்ணெயில் கலக்காவிட்டால் வளைவுகளில் அதிரும். கூம்பு வடிவ கிளட்ச் கொண்ட வகை தேய்ந்தால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். வாங்கும் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

பற்சக்கரங்களாலேயே இயங்கும் வகையில் தேய்வதற்குத் தகடு கிடையாது. 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்ற 'டார்சன்' இவ்வகையைச் சேர்ந்தது, 'ட்ரூட்ராக்' இன்னொன்று. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் போல் சில மடங்கை மற்றதற்கு இவை அனுப்பும். மடங்கு மூன்று எனில், ஈரத்தில் உள்ளது 50 அலகு தாங்க, உலர்ந்த தரையில் உள்ளது 150 பெறும். சக்கரம் முழுவதுமாகத் தரையைவிட்டு எழுந்துவிட்டால், பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே. தார்ச்சாலையில் அந்த நிலை அரிதாகவே வரும். ஓசையின்றி, இழுப்பின்றி இயங்கும் இந்த வகையையே நான் பரிந்துரைத்தேன்.

அவனுக்கு ஒரு வசதியும் இருந்தது. 1957-இல் அறிமுகமான ஃபோர்டின் 9 அங்குலப் பின் அச்சில், நடுப்பகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம். தொழிற்சாலையில் பொருத்திய பழைய தொகுதியை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு, வேறொரு தொகுதியில் புதியதைப் பொருத்தினான். சேகரிப்பாளர்களிடையே அசல் பாகங்களுக்கு உள்ள மதிப்பு கெடவில்லை. அச்சுத் தண்டின் முனைப்பற்கள் 28-ஆ, 31-ஆ என்பதை எண்ணாமல் மட்டும் எதையும் வாங்கக் கூடாது.

பழைய காரை வாங்க நினைப்போருக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் உயர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஒன்றைக் கையால் சுழற்ற வேண்டும். தகடுகள் நல்ல நிலையில் இருந்தால் மற்றதும் அதே திசையில் சுழலும். எதிர்த்திசையில் சுழன்றால் அது சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தகடுகள் தேய்ந்துபோனவை. ஆனால், லிமிடெட் ஸ்லிப் உள்ள காரில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கியரில் போட்டு எஞ்சினை இயக்கவே கூடாது. தரையில் நிற்கும் சக்கரம் விசை பெற்று, கார் ஜாக்கியைவிட்டுப் பாய்ந்துவிடும்.