மாத்திரையையும் சிகரெட்டையும் ஒரே நாளில் விடலாமா?

‘முதுகுவலியே வராதவர்கள் கையைத் தூக்குங்கள்’ என்று ஓர் அரங்கத்தில் கேட்டுப் பாருங்கள். உயரும் கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 619 மில்லியன் பேர் இடுப்பு முதுகுவலியோடு இருந்தார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பதின்மூன்று பேரில் ஒருவர் என்று கணக்கு.

அந்த ஒருவர் ஷா ஆலம் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவராக இருக்கலாம். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவராக இருக்கலாம். உட்கார்ந்தே வேலை, குலுங்கிக் குலுங்கிப் பயணம். வலிக்கு மருத்துவர் டிராமடோல் எழுதிக் கொடுக்கிறார். முதலில், வலி வந்தால் மட்டும் ஒன்று. பிறகு வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று. நடுநடுவே வலியை மறக்க ஒரு சிகரெட். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

ஒருநாள் மகள் கேட்கிறாள்: “அப்பா, இந்த மாத்திரையும் சிகரெட்டும் இல்லாம உங்களால இருக்கவே முடியாதா?”

சுருக்கென்று தைக்கிறது. தைப்பூச விரதம் தொடங்கும் நாளில் இரண்டையும் ஒன்றாகத் தலைமுழுகி விடுகிறார். மூன்றாம் நாள் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு. இரவில் பொட்டுத் தூக்கமில்லை. முதுகு முன்னைவிடக் கடுமையாக வலிக்கிறது. ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று பழையபடி இரண்டுக்கும் திரும்புகிறார். இனி அவர் விடவே முயல மாட்டார். நஷ்டம் அங்கேதான்.

அவர் மனஉறுதியில் குறையில்லை. அவிழ்த்த விதத்தில்தான் தவறு.

சிகரெட் வலியைத் தணிக்கிறதா?

நிக்கோட்டின் சிறிது நேரம் வலியை மங்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது இறங்கியதும் உடல் வலியை முன்பைவிட அதிகமாக உணர்கிறது. உடனே அடுத்த சிகரெட். தான் மூட்டிய தீயைத் தானே அணைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது சிகரெட்!

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. பக்கத்து எலும்பிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வருவதுதான் அவற்றின் சாப்பாடு. புகை அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரத்தத்திலுள்ள பிராணவாயுவையும் குறைக்கிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் முதுகெலும்புச் சிகிச்சை பெற்ற 5,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த முடிவு 2012-இல் வெளியானது. சிகிச்சைக் காலத்தில் புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட வலி அதிகமாகக் குறைந்திருந்தது.

மாத்திரை மட்டும் கைகொடுக்கிறதா?

எல்லா வலி மாத்திரையும் ஒரே ரகமல்ல. பாராசிட்டமோல் வேறு. டிராமடோல், கோடீன், மோர்ஃபின் ஆகியவை ஓப்பியம் வகையைச் சேர்ந்தவை. நாள்பட உட்கொண்டால் உடல் பழகிப்போகும். அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். சிலருக்கு வலியுணர்வே கூர்மையாகிவிடுவதும் உண்டு.

அமெரிக்காவில் நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி உள்ள 240 முன்னாள் படைவீரர்களை ஓராண்டு கவனித்தார்கள். பாதிப் பேருக்கு ஓப்பியம் வகை, மீதிப் பேருக்குச் சாதாரண வலி மாத்திரைகள். 2018-இல் வந்த முடிவு: அன்றாட வேலைகளைச் செய்வதில் ஓப்பியம் வகை எந்த விதத்திலும் மேலாக இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு முதுகுவலிக்கு இவ்வகை மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

அப்படியென்றால் இன்றே குப்பையில் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. திடீர் நிறுத்தம் கடுமையான வலியையும் மனச்சோர்வையும், சிலரிடம் தற்கொலை எண்ணத்தையும்கூடத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது. நரம்பு வலிக்குத் தரும் கபாபெண்டின், பிரிகபாலின் மாத்திரைகளையும் இப்படித் திடீரென நிறுத்தக்கூடாது.

முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

முதல் விதி: இரண்டையும் ஒரே மருத்துவருக்குச் சொல்லுங்கள். மாத்திரை ஒரு கிளினிக்கில், சிகரெட்டை விடுவதற்கான ஆலோசனை இன்னொன்றில் என்று வைத்துக்கொண்டால் விபரீதம் நேரலாம். புகைப்பதை நிறுத்தத் தரும் மருந்துகளில் புப்ரோப்பியோன் என்று ஒன்று உண்டு. டிராமடோலோடு அது சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயம் கூடுகிறது; டிராமடோலின் வலி நிவாரணமும் குறைகிறது. நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. எது பொருந்தும் என்பதை முழு விவரம் தெரிந்த மருத்துவரே சொல்ல முடியும்.

இரண்டாவது: ஒரே வாரத்தில் இரண்டிலும் கைவைக்க வேண்டாம். நிக்கோட்டின் இல்லாத தவிப்பு முதல் சில நாட்களில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை மாத்திரையைக் குறைக்கும்போதும் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் எது எதனால் என்றே தெரியாது. ஒன்றில் கால் ஊன்றிய பிறகு மற்றதைத் தொடங்கலாம். எது முதலில் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்றாவது: மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு மாதம் 10 விழுக்காடு, அல்லது அதைவிட மெதுவாக, என்கிறது 2022-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளிகை ஆறு எடுப்பவர் ஒன்றை நிறுத்தினாலே அது ஏறக்குறைய 17 விழுக்காடு! ஆகவே வீட்டிலேயே கணக்குப் போட வேண்டாம். மெதுவாகக் கரையும் வகையை உடைத்தோ மென்றோ தின்னவே கூடாது. தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி, அதே அளவில் சில வாரம் நின்றுவிட்டுத் தொடரலாம்.

நான்காவது, உயிர் காக்கும் விதி: சில வாரம் நிறுத்திய பிறகு, வலி தாளாமல் பழைய அளவை ஒரேயடியாக விழுங்காதீர்கள். உடல் அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். மூச்சே அடங்கிவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. புகையிலுள்ள பொருட்கள் கோப்பி, தேநீரிலுள்ள காஃபீனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றுகின்றன. சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறையும். அதே நான்கு கிளாஸ் தே தாரிக் இப்போது எட்டுக் கிளாஸ் போல வேலை செய்யலாம். படபடப்பும் தூக்கமின்மையும் அதனால்கூட இருக்கும். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

உதவி எங்கே?

தூரமில்லை. பல அரசு சுகாதார கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்தும் பிரிவு இருக்கிறது. சுகாதார அமைச்சின் ‘எம்குவிட்’ சேவை 2015-இல் தொடங்கியது. நாள்பட்ட வலிக்கோ நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் மேரி கார்டோசாவும் அவருடைய குழுவினரும் செலாயாங் மருத்துவமனையில் ‘மெனாங்’ என்ற இரண்டு வாரப் பயிற்சியை நடத்தினார்கள். மலாயில் ‘மெனாங்’ என்றால் வெற்றி. உடற்பயிற்சி, வேலையை அளவோடு பிரித்துச் செய்வது, வலி பற்றிய பயத்தைக் கையாள்வது ஆகியவைதான் பாடம். பயின்றவர்களிடம் கண்ட முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஓர் எச்சரிக்கை. கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, முதுகுவலியோடு காய்ச்சல் வந்தாலோ மாத்திரைக் கணக்குப் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த முதல் வாரங்களில் அவர் சிடுசிடுப்பார். “என்னங்க, இன்னும் விடலையா?” என்று கேட்பதைவிட, “நேத்து எப்படித் தூங்குனீங்க?” என்று கேளுங்கள். சாயங்காலம் வீட்டுப் பக்கத்துத் திடலில் பத்து நிமிடம் கூடவே நடந்து வாருங்கள். பல ஆண்டுகளாக விழுந்த முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழாது. வேகமாக இழுத்தால் இறுகும். பொறுமையாக நெகிழ்த்தினால் நிச்சயம் அவிழும்.