வேலை விட்டவன் போட்டிக் கடைக்குப் போகக்கூடாதா?

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வருகிறது அக்குறணை. வீதியோரம் முழுக்கக் கடைகள். யாரோ ஒரு நானாவின் கடையில் சில வருடம் நின்று, சாமான் பிடிக்கவும் விலை பேசவும் ஆளறிந்து கடன் கொடுக்கவும் பழகி, பிறகு சொந்தக் கடை போடுவது இந்த ஊர் வியாபாரிகள் வளர்ந்த பாதை.

இன்று கம்பனிகள் கொடுக்கும் நியமனக் கடிதங்களில் அந்தப் பாதையை மறிக்கும் ஒரு பந்தியைக் காணலாம்: விலகிய பின் இத்தனை வருடத்துக்கு இதே வியாபாரம் செய்யும் வேறு எந்த நிறுவனத்திலும் சேரமாட்டேன், சொந்தமாகவும் செய்யமாட்டேன். வேலை கிடைத்த சந்தோசத்தில் இருபது வயதுப் பிள்ளை கையொப்பம் வைக்கிறது. வேறொரு கம்பனி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடும்போதுதான் அந்தப் பந்தி ஞாபகம் வருகிறது. வழக்குப் போடுவார்களோ என்ற பயத்தில் பலர் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள். நீதிபதி ஒருவர் பார்க்காமலே அந்தப் பந்தி வேலையை முடித்துவிடுகிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில், தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவர் மீதான தடை விதிவிலக்கு. இரண்டு வருடத்துக்குள் கல்கத்தாவில் அதற்குச் சோதனை வந்தது. ஒரே பகுதியில் பித்தளை வியாபாரம் செய்த இருவரில் ஒருவர், நீ கடையை மூடு, வேலையாட்களுக்குக் கொடுத்த முற்பணம் 900 ரூபாயை நான் தருகிறேன் என்றார். மற்றவர் மூடினார். பணம் வரவில்லை. வழக்கு 1874இல் மேல் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஓர் இடத்துக்கு மட்டுமான தடையும் தடைதான், உடன்பாடே செல்லாது என்றது தீர்ப்பு. நம்பி மூடியவருக்குக் கடையும் இல்லை, பணமும் இல்லை.

இலங்கையில் அப்படி எழுதிவைத்த பிரிவு கிடையாது. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். ஆனாலும் தொழில் தடை என்று வரும்போது, ஆங்கிலச் சட்டம் வளர்த்தெடுத்த கேள்வியே இங்கும் எழும்: இந்தத் தடை நியாயமானதா? எவ்வளவு காலம், எவ்வளவு தூரம், எதைக் காப்பாற்ற?

இதில் நமது முதலாளிமார் அறியவேண்டிய தீர்ப்பு 1916இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை கொடுத்தது. பாரந்தூக்கி இயந்திரங்கள் செய்த ஹேர்பர்ட் மொரிஸ் கம்பனி, தன்னை விட்டுப்போன பொறியியலாளரை ஏழு வருடத்துக்கு நாடு முழுவதிலும் அந்தத் தொழில் செய்யவிடாமல் தடுக்கக் கேட்டது. சபை மறுத்தது. போட்டி வருகிறது என்பது மட்டும் தடைக்குக் காரணமாகாது. வேலையில் ஒருவர் வளர்த்துக்கொண்ட திறமையும் அனுபவமும் அவருக்கே சொந்தம் என்றது.

அப்படியானால் முதலாளிக்கு என்ன மிச்சம்? நிறையவே இருக்கிறது. கொள்வனவு விலை, வாடிக்கையாளர் பட்டியல், மசாலாக் கலவையின் அளவு போன்றவற்றை இரகசியமாக வைத்திருந்தால் அவை அவருடைய சொத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 160ஆம் பிரிவில், வெளிப்படுத்தப்படாத தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பட்டியலைப் பிரதியெடுத்துக்கொண்டு போனவர் மீது தடையுத்தரவு கேட்பது நியாயம். மிளகைக் கையில் அள்ளியதும் தரம் சொல்லும் பழக்கத்தை அவர் விட்டுவிட்டுப் போகமுடியாது. அதற்குத் தடை கேட்பது அவர் வயிற்றில் அடிப்பது.

ஜேர்மனியில் முதலாளி இப்படித் தடை போடலாம். ஆனால் தடை நீடிக்கும் காலம் முழுக்க, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதியாவது கொடுக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் நீட்டவும் முடியாது. இங்கே ஒரு சதமும் கொடுக்காமல் வீட்டில் இரு என்கிறோம்.

போட்டிக் கடைக்குப் போனவனுக்குப் பணிக்கொடையைக் கொடுக்கமாட்டேன் என்று மிரட்டுவதும் சரியல்ல. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரித்தானது. மோசடி, கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல் போன்ற காரணங்களுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவரே, அந்த நட்டத்தின் அளவுக்கு அதை இழப்பார். வேறு கடையில் சேர்வது அந்தக் காரணங்களில் இல்லை. பணத்தை மறித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.